வெட்டிப் போட்ட மூச்சு

கத்தரி என்றால் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் நிற்கிற காவல்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார். ஒருவர் புத்தகத்தை உரக்க வாசிக்க, அதைப் பதிவு செய்து, காதால் கேட்கிற புத்தகமாக விற்கிற இடம் அது. வாசித்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போன பிறகுதான் கத்தரிக்கு வேலை ஆரம்பிக்கும். எச்சில் விழுங்கிய சத்தம், உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம், வாக்கியத்துக்கு முன்னால் இழுத்துக்கொள்கிற மூச்சு, வயிறு உறுமுவது, நாற்காலி முனகுவது என்று ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து வெட்டி எறிய வேண்டும்.

மற்றவர்கள் இந்த வேலையில் நிலைப்பதில்லை. கொஞ்ச நாளில் காது மரத்துப்போய் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். கத்தரிக்குக் காது மரத்ததே இல்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வாய்ச் சத்தம் ஆகாது. பக்கத்தில் யாராவது மென்றால், உறிஞ்சினால், மூக்கை இழுத்தால், உடம்பு முழுக்கத் தீப்பிடித்தமாதிரி ஆகிவிடும். பிடிக்கவில்லை என்று சொன்னால் போதாது, எழுந்து போய் அந்த ஆளை அறைந்துவிடலாமா என்று தோன்றும். அந்தக் கோபத்தையே சோறு போடுகிற தொழிலாக மாற்றிக்கொண்டவன் அவன்.

கூடத்துக்கு அதிகம் வந்து வாசிப்பவர் ஒரு பெரியவர். கனத்த குரல் என்பதால் அவருக்கு வெண்கலம் என்று பெயர்.

"ஏண்டா கத்தரி, போன தடவ வாசிச்சத வீட்ல போட்டுக் கேட்டோம். நான் மூச்சே விடாம வாசிக்கிறேன்டா. எங்க வீட்டம்மா கேக்கறா, இவ்வளவு தம் இருக்கறவருக்கு மாடி ஏறும்போது மட்டும் ஏன் அப்படி இரைக்குதுன்னு."

"அதுக்குத்தானே அண்ணே எனக்குச் சம்பளம்."

"சம்பளம் வாங்கிக்க, நான் வேண்டாங்கல. வெட்டின மூச்செல்லாம் எங்கடா போடற?"

"குப்பையில."

"பாத்துப் போடு. அத்தனையும் சேத்தா எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயுசு வரும்."

கத்தரி சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியைச் சரிசெய்து, "சும்மா எடுத்துடலாமா?" என்றான்.

அது அந்தக் கூடத்துப் பேச்சு. வாசிக்க ஆரம்பிக்கும் முன்னால் யாரும் பேசாமல் கொஞ்ச நேரம் வெறும் அறையைப் பதிவு செய்வார்கள். காலியான அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. விளக்கு ரீங்கரிக்கும், காற்று நகரும், எங்கோ குழாயில் தண்ணீர் போகும். அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்று கணினிக்குக் காட்டிக்கொடுத்தால், அது பதிவு முழுக்க அதைத் தேடித் துடைத்துவிடும். மூச்சை வெட்டிய இடத்தில் பள்ளம் விழாமல் இருக்க அதே சத்தத்தை எடுத்துப் பூசுவதும் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'சும்மா'. வெண்கலம் ஒவ்வொரு முறையும், "சும்மா இருக்கறதுக்கும் காசு குடுக்கற ஒரே கம்பெனி இதுதாண்டா" என்பார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

வீட்டில் அக்காவும் அவனும் மட்டும். ஊரைவிட்டு வேலைக்காக வந்த குடும்பம். அப்பா முன்னாலேயே இறந்துவிட்டார். அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அக்கா கல்யாணம் செய்துகொண்டு, ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. விடியும் முன்பே கிளம்பி, அடுப்பிலிருந்து எந்திரப் பட்டையில் ஓடி வருகிற ரொட்டிகளை உறையில் தள்ளித் தள்ளி, மத்தியானம் மாவு வாசனையோடு வந்து படுப்பாள். அவன் சாயங்காலம் வருவதற்குள் தூங்கி எழுந்துவிடுவாள். இருவருக்கும் ஒரே வீடு, வேறு வேறு நேரம். அதனால் சண்டை வர வழியில்லாமல் இருந்தது.

கூடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்ததும் வழி வந்தது. மத்தியானமானால் துளைக்கிற எந்திரம் அலறும், பதிவு எதுவும் ஓடாது. எல்லோரையும் காலையிலேயே வந்து மத்தியானம் போகச் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் கத்தரி வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றினான், அக்காவின் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

ஒரு பெண் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். குரல் இல்லை, வெறும் காற்று. 'ச'வும் 'ஸ'வும் எச்சிலில் நனைந்து காதுக்குள்ளேயே வந்து ஒட்டின. "இதோ... இந்தத் துண்ட மெதுவா விரிக்கறேன்... இந்தச் சுருக்கத்த நீவி விடறேன்..." நடுநடுவே நகத்தால் மரத்தைத் தட்டுகிற சத்தம், தூரிகையால் எதையோ தடவுகிற சத்தம். கத்தரியின் பிடரி மயிர் நட்டுக்கொண்டது. கதவைத் தள்ளினான். அக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள். கைப்பேசி தலையணையில் இருந்தது. திரையில் முகம் இல்லை, இரண்டு கைகள் மட்டும் துண்டு மடித்துக்கொண்டிருந்தன.

"அக்கா, அத அணைக்கறியா, இல்ல நான் வெளிய போகட்டுமா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "செருப்பு வாசல்லதான் இருக்கு."

"காதுல மாட்டிக்கிட்டாவது கேளேன்."

"காதுல புண்ணு. எதையும் சொருகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு."

"யாரோ ஒருத்தி அவ வீட்டுத் துண்ட மடிக்கறா. அதுல உனக்கு என்னக்கா? நம்ம வீட்டுத் துண்டு மலையா குவிஞ்சு கெடக்கு."

"அத நீ மடிச்சா உன்னையும் படுத்துக்கிட்டே பாக்கறேன்." எழுந்து உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "காலையிலேருந்து எல்லாரும் என்கிட்ட கத்தறாங்கடா. மெஷின் கத்துது, மெஷினுக்கு மேல சூப்பர்வைசர் கத்தறாரு, அவருக்குக் கேக்கணும்னு நானும் கத்தறேன். வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள்ள அந்தப் பட்டை ஓடிக்கிட்டே இருக்கு. இவ ஒருத்திதான் மெதுவா பேசறா. எனக்காகவே பக்கத்துல ஒக்காந்து ஒரு வேலைய நிதானமா செய்யற மாதிரி இருக்கு. பின்மண்டையில லேசா ஊர ஆரம்பிக்கும். அப்படியே தோள் வரைக்கும் எறங்கும். கண்ணு தானா மூடிக்கும்."

"எனக்கும்தான் ஊருது. கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி."

"உனக்கு எப்பவும் அப்படித்தானே."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் அதற்கு நீளமான அர்த்தம் உண்டு. அவன் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா தேநீர் உறிஞ்சினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான். ஒரு தடவை அப்பா அடித்தும் பார்த்தார், திருந்தவில்லை. கடைசியில் வீடே அவனுக்கேற்ப மாறிவிட்டது. அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா சமையலறைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவாள். பல் செட்டு கட்டிய பிறகு, கடகடவென்று சத்தம் வருமோ என்று எதையும் தண்ணீரில் ஊறவைத்து விழுங்குவாள். அவன் படிக்கும்போது அம்மாவும் அக்காவும் பேசுவதென்றால் காதோடு காதாகத்தான். அந்த வீட்டுப் பெண்கள் கிசுகிசுப்பிலேயே அழுதார்கள், கிசுகிசுப்பிலேயே சிரித்தார்கள், கல்யாணம் முறிந்த கதையைக்கூடக் கிசுகிசுப்பிலேயே பேசி முடித்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அந்த 'ஸ்ஸ்' வந்து அவன் பல்லைக் கூசவைத்தது. அந்தப் பக்கம் அதைக் கேட்டபடியே அக்கா தூங்கிப்போனாள்.

அந்தத் துண்டுச் சண்டையின் முடிவில் அவன் ஒரு வாக்குக் கொடுத்தான். "இந்தப் பொம்பள எதுக்கு? அம்மா குரலையே உனக்குத் தர்றேன். அதப் போட்டுக்கிட்டுத் தூங்கு."

அக்கா அவனையே பார்த்தாள். "முடிச்சுட்டியா?"

"முடிச்சாச்சு."

கடைசி மாதங்களில் அம்மாவின் பேச்சைப் பதிவு செய்யச் சொன்னதே அக்காதான். அம்மாவுக்குப் படம் எடுத்தால் பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அக்காவின் பழைய கைப்பேசி போனதோடு அதிலிருந்த ஒன்றிரண்டு குரல்செய்தியும் போயிற்று. அதனால் கத்தரி கூடத்திலிருந்து நல்ல ஒலிவாங்கியைக் கடன் வாங்கிவந்து, அம்மாவின் கட்டிலருகே வைத்து, முடிகிறபோதெல்லாம் பேசச் சொல்லிப் பதிவு செய்தான். பிறகு அம்மா போய்விட்டாள். அவன் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தான். வேலை முடிந்த பின்பும் கூடத்திலேயே இருந்து, வேறு யாருக்கும் செய்யாத நேர்த்தியோடு செய்தான். நெஞ்சுச் சளியின் கரகரப்பு, பல் செட்டின் சத்தம், விசில் மாதிரி வந்த மூச்சு, இருமல், எதுவும் இல்லாமல் அம்மாவின் குரல் மட்டும். நோய்க்கு முந்திய அம்மாவைத் திருப்பி எடுத்துவிட்டதாக அவனுக்குப் பெருமை.

மறுநாள் மத்தியானம் அக்கா கட்டிலில் சாய்ந்துகொள்ள, அவன் தரையில் உட்கார்ந்து, நல்ல ஒலிபெருக்கியில் போட்டான். அம்மா பேசினாள். அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள் என்ற கதை. பிடித்த பிடியை விடாமல் அம்மாவை எழுந்திருக்கவிடாமல் செய்த கதை.

அக்கா முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்து" என்றாள்.

"என்ன?"

"இது யாருடா?"

"என்ன கேள்வி இது? அம்மா."

"அம்மாவா? ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி வருதுன்னு சொல்ற மாதிரி இருக்கு. மூச்சே விடல. ஒரு வார்த்த முடியுது, அடுத்த வார்த்த வருது. நடுவுல ஆளே இல்ல." அவளே பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். "இதோ, காது மடல்னு சொன்னாங்க இல்ல, இந்த எடத்துல சிரிச்சாங்க. நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். சிரிச்சு, அது இருமலாகி, தண்ணி கேட்டாங்க. நான்தான் கொண்டாந்து குடுத்தேன். சிரிப்பு எங்க?"

கத்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில் அம்மாவின் சிரிப்பில் குரல் இல்லை. வெறும் காற்றுதான் விட்டுவிட்டு வரும். கணினித் திரையில் ஒலிக்கோடாகப் பார்த்தபோது அது மற்ற மூச்சு மாதிரியே இருந்தது. எல்லாவற்றோடும் சேர்த்து வெட்டிவிட்டிருந்தான்.

"அது... சத்தம்னு நெனச்சு எடுத்துட்டேன்க்கா."

"சரி, வெட்டாதது இருக்கும்ல. அதக் குடு."

அவன் ஒலிபெருக்கியின் கம்பியைக் கழற்ற ஆரம்பித்தான். வேலை முடிந்து நல்ல பிரதி தயாரானால் பழையதை அழித்துவிட வேண்டும் என்பது கூடத்து வழக்கம். இல்லாவிட்டால் இடம் போதாது. அம்மாவுடையது முடிந்த அன்று வெண்கலம் வாசித்த பெரிய நாவல் ஒன்று வந்து நின்றது. கை பழக்கத்தில் போய் அழுத்திவிட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அழிச்சுட்டியா?"

தலையசைத்தான்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்த வீட்டுப் பழக்கப்படி மெதுவாகத்தான் சொன்னாள். "உசுரோட இருந்தப்ப சத்தம் போடாதன்னு வாய மூடி வெச்சே. செத்தப்புறமும் விடலையாடா நீ?"

அன்றிலிருந்து அவள் அந்தத் துண்டு மடிக்கிற பெண்ணையும் போடவில்லை. மத்தியானம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே சத்தமே இருக்காது. கத்தரி ஆசைப்பட்ட அமைதி முழுசாகக் கிடைத்தது. அதில் உட்கார முடியவில்லை. அவள் தூங்கவில்லை என்பது சுவர் வழியாகவே தெரிந்தது. கட்டில் திரும்பித் திரும்பி முனகிக்கொண்டே இருந்தது. அந்த வாரத்திலேயே ஒரு நாள் அவள் கையில் கட்டோடு வந்தாள். ரொட்டிப் பட்டைக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் அசந்துவிட்டதாம். சூடான தட்டில் கை பட்டுவிட்டது.

"மெஷினுக்குள்ள போயிருந்தா?"

"போகல இல்ல."

"நீ அந்த வீடியோவையே போட்டுக்கக்கா. நான் சாயங்காலம் வரைக்கும் எங்கயாவது சுத்திட்டு வர்றேன்."

"தேவையில்ல. தொழிற்சாலைப் பக்கத்துல பொம்பளைங்க தங்கற விடுதி இருக்கு. ஒரு கட்டில் காலியாகுதாம். சொல்லி வெச்சிருக்கேன். அங்க எல்லாம் ஒரே சத்தமா இருக்கும்னு சொன்னாங்க. நல்லதாப் போச்சு." சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தாள். புகுந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அதே பெட்டி வாசலுக்கு வந்தது. ஒற்றைக் கையால் துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். கத்தரி பார்த்துக்கொண்டே நின்றான். உலகத்தில் அவனுக்கென்று மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

மறுநாள் கூடத்தில் வேலைக்கு முன்னால் அவன் அந்தத் துண்டு மடிக்கிற பெண்ணைத் தேடிப் பெரிய ஒலிபெருக்கியில் போட்டான். அக்காவுக்கு அதில் என்ன கிடைத்தது என்று தெரிந்துகொண்டால் ஏதாவது செய்யலாமே என்ற நினைப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். அந்தப் பெண் எதையும் வெட்டவில்லை. எச்சில் விழுங்குவதும் மூச்சு வாங்குவதும் அப்படியே இருந்தன. வீடியோவுக்குக் கீழே, கேட்டவர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். கணவர் போன பிறகு இன்றுதான் தூங்கினேன் என்று ஒருத்தி. குழந்தைக்குப் போட்டேன், நான் தூங்கிவிட்டேன், குழந்தை விழித்துக்கொண்டிருக்கிறது என்று இன்னொருத்தர். இதைக் கேட்டால் காதை அறுத்துப் போடலாம்போல இருக்கிறது, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று ஒருவர். அந்த ஒருவரைக் கத்தரிக்கு நன்றாகப் புரிந்தது. அவரும் விடாமல் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் எழுதியிருந்தார்.

வெண்கலம் உள்ளே வந்தார். "என்னடா ஓடுது?"

"கிசுகிசு அண்ணே."

"யாரப் பத்தி? எந்த நடிகை?"

"அந்தக் கிசுகிசு இல்ல. இந்த மாதிரி மெதுவா பேசறது. ஜனங்க இதக் கேட்டுத் தூங்கறாங்களாம்."

"விளங்கிடும்" என்று நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கத்தரி நிறுத்தியதும் திடுக்கிட்டு விழித்தார். "ஏன்டா நிறுத்தின? நல்லா இருந்துச்சேடா. பக்கத்துல யாரோ ஒருத்தர் மூச்சு விட்டுக்கிட்டு இருக்காங்கங்கற ஒரு தைரியம் வருது." வாயைத் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் உட்கார்ந்தார். "சரி, சும்மா எடு. கண்ண மூடித்தான் இருக்கேன்."

கத்தரியின் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது.

அம்மாவுக்கும் சும்மா எடுத்திருந்தான். பேச வைப்பதற்கு முன்னால், அந்த அறையை. பேச்சை அழித்தானே தவிர அதை அழிக்கவில்லை. அழிக்க மாட்டார்கள். ஒவ்வொரு அறைக்கும் எடுத்த சும்மா தனியாக வேறொரு இடத்தில் கிடக்கும், எப்போதாவது உதவும் என்று.

வெண்கலத்தை வாசிக்க வைத்து, அனுப்பி, பக்கத்துக் கட்டடத்து எந்திரம் அலற ஆரம்பித்து எல்லோரும் கிளம்பிய பிறகு தேடினான். 'வீடு, கட்டில் பக்கம்' என்று அவனே பெயர் எழுதி வைத்திருந்தான். எந்திரச் சத்தம் கேட்காமலிருக்கக் காதுகளை மூடுகிற பெரிய கேட்பானை மாட்டிக்கொண்டு போட்டான்.

முதலில் மின்விசிறி. பிறகு அம்மா. நெஞ்சுக்குள் சளி கொழகொழத்து, மூச்சு விசிலடித்து வெளியே வந்தது. போர்வையை நகத்தால் வருடிக்கொண்டே இருந்தாள். அது அவள் பழக்கம், சும்மா இருக்கும்போது விரல் சும்மா இராது. பல் செட்டு ஒரு தடவை கடக்கென்றது. கத்தரிக்கு வழக்கம்போல உடம்பு கூசியது. அம்மா என்பதால் கூசாமல் விட்டுவிடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு அம்மா மிக மெதுவாக, காற்றாகக் கேட்டாள். "முடிஞ்சுதாப்பா?"

உடனே அவனுடைய குரல். ஒலிவாங்கிக்குப் பக்கத்திலிருந்து, பெரிதாக, முகத்தில் அடித்தமாதிரி. "ச்ச்! பேசாதம்மா. கொஞ்ச நேரம் சும்மா இருக்க முடியாதா உன்னால?"

அதற்கப்புறம் வருடுவது நின்றது. விசிலும் நின்றது. மின்விசிறி மட்டும். அந்த இடத்தைத்தான் அவன் தூய்மையாக இருக்கிறது என்று மாதிரியாக எடுத்துக்கொண்டிருந்தான். அன்று திரையில் பார்க்க நேர்கோடாக, அழகாக இருந்தது. அம்மா ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தாள் என்று அவன் யோசித்ததே இல்லை. இப்போது கேட்டபோது புரிந்தது. மூச்சு விட்டாலும் மகனுக்குத் தொந்தரவு என்று நினைத்து அடக்கிக்கொண்டிருக்கிறாள். நுரையீரலில் காற்றுக்கு இடமே இல்லாதவள், முடிந்தவரை அடக்குகிறாள், இன்னும் அடக்குகிறாள். கடைசியில் தாங்காமல் இருமல் பீறிட்டது. இருமலோடு இருமலாக, "தெரியாம வந்துடுச்சுப்பா" என்றாள். அதோடு பதிவு முடிந்தது.

கத்தரி கேட்பானைக் கழற்றினான். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. மறுபடி மாட்டிக்கொண்டு, போட்டு, தன்னுடைய குரல் வருகிற இடத்தைத் திரையில் பிடித்தான். தடித்த கோடு, பார்த்தாலே தெரிந்தது. அதை வெட்டுவது அவனுக்கு ஒன்றுமே இல்லை. வெட்டிவிட்டு, முன்னாலும் பின்னாலும் ஒட்டி, மின்விசிறிச் சத்தத்தைப் பூசினால் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு அம்மாவின் மூச்சும் விரலும் அந்தக் கிசுகிசுப்பும் மட்டும் கிடைக்கும். அவன் திட்டியது அவனோடு போய்விடும். விரல் பொத்தான்மேல் இருந்தது. ஆயிரம் தடவை செய்த வேலை.

செய்யவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. இனிமேல் எதை வெட்டினாலும் அதோடு என்ன போகும் என்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனபோது அக்கா பெட்டியின்மேல் உட்கார்ந்து மூட முயன்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் முடியவில்லை.

"விடுதிக்காரங்க சாயங்காலம் வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். "இத கொஞ்சம் அழுத்திப் புடி."

"புடிக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறியா? பேச்சு இல்ல. பேசறதுக்கு முன்னாடி எடுத்தது. நான் கை வைக்கல."

"நீ கை வைக்காம இருப்பியா?"

"வைக்கல. அதனாலதான் கேக்க நல்லா இருக்காது."

அவள் கைப்பேசியில் அவனே ஏற்றிக்கொடுத்தான். கட்டிலில் படுத்து, வழக்கம்போலத் தலையணையில் வைத்துக்கொண்டாள். அவன் வாசற்படியிலேயே நின்றான். மூச்சு வந்ததும் அக்காவின் முகம் மாறியது. விரல் போர்வையை வருடும் சத்தம் கேட்டதும் அவளுடைய கையும் தானாகப் போர்வையைத் தேடியது. 'முடிஞ்சுதாப்பா' வந்தது. அவள் உதடு அதோடு சேர்ந்து அசைந்தது. பிறகு அவனுடைய அதட்டல் வந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இருமல் வந்து, பதிவு முடியும்வரை திறக்கவில்லை.

அவள் அழுதாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் அது வெளியே கேட்காது.

"என் குரல் வர்ற எடத்த மட்டும் எடுத்துடட்டுமாக்கா?" என்றான். "அப்புறம் நிம்மதியா கேக்கலாம்."

"வேண்டாம்."

"திட்டறது கேக்குதே."

"நீ திட்டினதாலதான் அம்மா மூச்ச அடக்கறாங்க. அத எடுத்துட்டா எதுக்கு அடக்கறாங்கன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்." திரும்பிப் படுத்தாள். "கதவச் சாத்திட்டுப் போ."

சாத்தினான். உள்ளே அது மறுபடி ஆரம்பித்தது. திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவன் வெளியே சுவரோரம் உட்கார்ந்தான். மூச்சு, நகம், பல், கிசுகிசுப்பு. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனே அவன் அம்மாவை அதட்டினான். சாயங்காலம் வந்து போனது. அக்கா எழுந்திருக்கவில்லை. கதவை லேசாகத் திறந்து பார்த்தான். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, கட்டுப்போட்ட கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்து, தூங்கிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பக்கத்தில் அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மூச்சும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்டன.

பெட்டி வாசலிலேயே நின்றது. அடுத்த நாளும் நின்றது. அவள் அதை உள்ளேயும் எடுத்து வைக்கவில்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். விடுதியைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கூடத்தில் அவன் இப்போதும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறான். "முன்ன மாதிரி சுத்தமா இல்லையேடா, அங்கங்க என் மூச்சு கேக்குதே" என்றார் வெண்கலம். "கவனிக்கல அண்ணே" என்றான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றி, சமையலறைக்குள் போவான். அம்மா முன்பு சாப்பிட்ட மூலையில் உட்கார்ந்து, ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து மெல்லாமல் விழுங்குவான். அக்கா தூங்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அது ஓடும். இப்போதும் அவனுக்குப் பிடரி கூசுகிறது, பல் கூசுகிறது. எழுந்து போகமாட்டான். 'முடிஞ்சுதாப்பா' வரும். அதட்டல் வரும். அதற்கப்புறம் மின்விசிறி மட்டும். அந்த இடம் வந்ததும் அவன் கையிலிருக்கிற ரொட்டி அப்படியே நிற்கும். அம்மாவோடு சேர்ந்து அவனும் மூச்சை அடக்கிக்கொள்வான். நெஞ்சு அடைக்கும், காதுக்குள் ரத்தம் இடிக்கும். அவள் இருமும்வரை விடக்கூடாது என்று பார்ப்பான். ஒவ்வொரு முறையும் அவனுக்குத்தான் முதலில் முடியாமல் போகிறது.